கிண்டிக்குத் தெற்கே



சென்னையின் பழைய கட்டடங்கள் என்று பேச்செடுத்தால் ரிப்பன் மாளிகை, உயர் நீதிமன்றம், எழும்பூர் அருங்காட்சியகம் என்று அடுக்கிவிடுவோம். கிண்டி தாண்டியதும் பேச்சு நின்றுவிடும். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரமெல்லாம் மனை மலிவாகக் கிடைத்ததால் ஜனங்கள் குடியேறிய இடங்கள், அவ்வளவுதான் என்ற எண்ணம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நகரத்துக்குள் இடம் போதாதவை, நகரம் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தயங்கியவை, இரண்டுக்கும் இடம் கொடுத்த பகுதி இது. அதன் அடையாளக் கட்டடங்களும் அப்படித்தான் எழுந்தன.

மனிதர் இங்கே வந்தது நேற்றல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்லியலில் கற்கால ஆய்வு தொடங்குவதே அந்த ஒரு கல்லிலிருந்துதான். அதே பல்லாவரத்தில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் குடைவரை ஒன்று இருக்கிறது. இன்று அது தர்கா. ஏழாம் நூற்றாண்டுத் தூண்களுக்கு நடுவே தொழுகை நடக்கிறது.

இனி தாம்பரத்துக் காசநோய் மருத்துவமனையான சானடோரியத்துக்கு வருவோம். ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்தான். காலையில் ஏற்றுமதி மண்டலத்துக்கு வேலைக்குப் போகும் கூட்டம் அங்கே இறங்கி ஓடும். அந்த மருத்துவமனையை நிறுவியவர் டாக்டர் சவுரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் மருத்துவமனை நடத்தியவர். 1914இல் கணிதமேதை ராமானுஜன் லண்டனுக்குக் கப்பலேறியபோது அதே கப்பலில் இவரும் இருந்தார். அப்போது ராமானுஜன் நோயாளி அல்ல. மூன்று ஆண்டுகள் கழித்து உடம்பு கெட்டு, இந்த டாக்டரின் மருத்துவமனையிலேயே போய்ப் படுக்கவேண்டி வந்தது.

ராமானுஜன் 1920இல் காலமானார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1928இல், சவுரிமுத்து தாம்பரத்தில் இந்தச் சானடோரியத்தைத் தொடங்கினார். ஏன் இவ்வளவு தொலைவில்? காசநோய்க்கு அன்று மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்ததே 1943இல்தான். நல்ல காற்று, வெயில், சத்தான சாப்பாடு, ஓய்வு, இதுதான் வைத்தியம். ஆகவே நெரிசலில்லாத மரத்தோப்பே அந்த மருத்துவமனைக்கு முதல் தேவை. கட்டடம் அதற்கு அடுத்துத்தான். 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில் எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவே பலர் அஞ்சிய நாளில், அவர்களைச் சேர்த்துக்கொண்டதும் இதே மருத்துவமனைதான். கோபுரமோ குவிமாடமோ இல்லாததால் இதை யாரும் நினைவுச் சின்னம் என்று சொல்வதில்லை. என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இதற்கிடையில், 1931இல், கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. மீட்டர்கேஜ் பாதை. 2004 வரை அந்தக் குறுகலான பெட்டிகளில் தொங்கிக்கொண்டு போனவர்கள் இன்று இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

ரயில் வசதி இருந்ததால்தான் கிறிஸ்தவக் கல்லூரியும் துணிந்தது. ஜார்ஜ் டவுனில் நூறாண்டு நெருக்கியடித்துக்கொண்டு நடந்த கல்லூரி அது. 1937இல் சேலையூர்க் காட்டையொட்டி, ஏறக்குறைய 365 ஏக்கருக்குக் குடிபெயர்ந்தது. சுவிட்சர்லாந்துக்காரரான ஹென்றி ஷேட்டி கட்டடங்களை வடிவமைத்தார். சேலையூர் ஹால், தாமஸ் ஹால், ஹீபர் ஹால் என்று விடுதிகள் எழுந்தன. முட்புதர் நிலத்தில் மரம் வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும். மறு ஆண்டே, 1938 டிசம்பரில், உலகின் பல நாடுகளிலிருந்து கிறிஸ்தவ மிஷனரிப் பிரதிநிதிகள் இங்கே கூடி மாநாடு நடத்தினார்கள். இறையியல் படிப்பவர்களிடையே அது 'தாம்பரம் 1938'. தாம்பரம் எங்கே இருக்கிறதென்று தெரியாத ஐரோப்பியருக்கும் அந்தப் பெயர் தெரியும்! கல்லூரி வளாகத்துக்குள் போனால் ஜி.எஸ்.டி. சாலையின் ஹாரன் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். புள்ளிமான் குறுக்கே போகும்.

குரோம்பேட்டை, குரோம் லெதர் என்ற தோல் ஆலையால் பிறந்த ஊர். அந்த ஊரின் பெருமை எம்.ஐ.டி. தொழிலதிபர் சி. ராஜம் தன் சொந்த மாளிகையை விற்று இந்தப் பொறியியல் கல்லூரியை 1949இல் தொடங்கினார். ராமேசுவரத்துப் பையன் அப்துல் கலாமுக்கு இங்கே இடம் கிடைத்தபோது சேர்க்கைக் கட்டணம் கையில் இல்லை. அக்கா ஜொஹரா தன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். வளாகத்தில் நிறுத்திவைத்திருந்த இரண்டு பழைய விமானங்கள்தான் தன்னை வானூர்திப் பொறியியல் பக்கம் இழுத்தன என்று கலாம் எழுதியிருக்கிறார்.

நகரத்தின் தள்ளல் இன்னும் நின்றபாடில்லை. மூர் மார்க்கெட் பக்கம் இருந்த உயிரியல் பூங்கா 1985இல் வண்டலூருக்குப் போனது. கோயம்பேட்டிலிருந்து தென் மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பர் முடிவில் திறந்த கிளாம்பாக்கத்துக்குப் போயின. ஒரு வித்தியாசம் உண்டு. அன்று தாம்பரத்துக்கு மின்சார ரயில் முதலில் வந்தது, கல்லூரி பின்னால் வந்தது. கிளாம்பாக்கத்தில் பேருந்து நிலையத்தைத் திறந்துவிட்டு, அதற்கப்புறம்தான் ரயில் நிலையம் கட்டும் வேலையைத் தொடங்கினார்கள். பெட்டியும் குழந்தையுமாக நள்ளிரவில் அங்கே இறங்கி ஆட்டோக்காரரிடம் பேரம் பேசியவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.