கம்ப்ரசர் வாங்கப் போகிறீர்களா?



பெங்களூரில் பஞ்சர் கடை முதல் பீன்யா தொழிற்சாலை வரை கம்ப்ரசர் ஓடுகிறது. அது காற்றை இழுக்கும், அழுத்தும், டேங்கில் அடைக்கும். அந்தக் காற்று டயரை நிரப்புகிறது, பெயிண்டைத் தூவுகிறது, ஆணியும் அடிக்கிறது. நம்மவர்களுக்கு இது புதிதல்ல. கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் பாறையைத் துளைத்த எந்திரங்களை அடைத்த காற்றுதான் ஓட்டியது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தன. 2001-இல் அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அது பெரிய கதை. இன்று நாம் பேசப்போவது வீட்டுப் பட்டறையில் வைக்கும் சின்ன கம்ப்ரசரைப் பற்றி.

காமாட்சிபாளையத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவர் தச்சர். மனைவி பாலிஷ் போடுகிறார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. மகளிர் சங்கத்தில் கடன் வாங்கிக் கடைக்குப் போகிறார்கள். "எண்ணெய் ஊற்றுகிற மாடலா, ஆயில் ஃப்ரீயா அண்ணா?" என்று கடைக்காரர் கேட்கிறார். எண்ணெய் மாற்றும் வேலை இல்லை என்றதும் கணவருக்கு ஆயில் ஃப்ரீ பிடித்துப்போகிறது. மனைவி விடவில்லை. "இருங்க. ரெண்டையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க" என்கிறார். கடன் அவர் பெயரில் அல்லவா இருக்கிறது!

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? கம்ப்ரசருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். உரசினால் சூடாகும், தேயும். எண்ணெய் மாடலில் அடியில் இருக்கும் எண்ணெய் தெறித்து அந்த உரசலைக் குறைக்கிறது. ஆயில் ஃப்ரீ மாடலில் எண்ணெய் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி டெஃப்ளான் கலந்த வளையம் இருக்கும். ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே பொருள்தான். வழுக்கும், ஆனால் மெல்லத் தேயும்.

பெல்ட் போட்ட எண்ணெய் மாடல் மெதுவாகச் சுழலும். கனமாக இருக்கும். சரியாகப் பராமரித்தால் பல வருடம் உழைக்கும். மோட்டாரோடு நேராக இணைத்த மலிவான ஆயில் ஃப்ரீ, நிமிடத்துக்கு 2,800 சுற்று வரை சுழலும். அதனால் சத்தம் அதிகம். சுவரோடு சுவர் ஒட்டிய நம் தெருக்களில் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்க முடியாது. பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் ஆயில் ஃப்ரீ அமைதியாக ஓடும். அது வேறு தரம், விலையும் வேறு. நோயாளியின் வாய்க்குள் போகும் காற்றில் எண்ணெய் கலக்கக் கூடாது என்பதால் அவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும்.

எண்ணெய் மாடலின் குறை, காற்றோடு கொஞ்சம் எண்ணெய் ஆவியும் வருவதுதான். டயருக்கு அது ஒரு பொருட்டல்ல. பாலிஷ் பலகையில் பட்டால் மீன் கண் மாதிரி சின்னச் சின்னக் குழி விழும். மறுபடி தேய்த்து, மறுபடி பூச வேண்டும். ஒரு நாள் கூலி போச்சு! ஆகவே குழாயில் எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் வடிகட்டி மாட்ட வேண்டும். ஆயில் ஃப்ரீ என்றால் தண்ணீரும் வராது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. காற்றில் உள்ள ஈரம் இரண்டு டேங்கிலும் தண்ணீராகச் சேரும். மழைக்காலத்தில் இன்னும் அதிகம்.

கம்ப்ரசரில் ஒட்டியுள்ள தகட்டைப் படித்துப் பாருங்கள். டேங்கின் லிட்டரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வெளியே தரும் என்று கேளுங்கள். தூவும் துப்பாக்கி கேட்பதைவிட அது கூடுதலாக இருக்க வேண்டும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையைவிட இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் அதே கம்ப்ரசர் இங்கே டேங்கை நிரப்பச் சற்று அதிக நேரம் எடுக்கும். மின்கட்டணமும் உண்டு. 2 குதிரைசக்தி மோட்டார் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் சுமார் ஒன்றரை யூனிட் ஆகும்.

எப்போதாவது டயருக்குக் காற்று அடிக்க, தூசி ஊத என்றால் ஆயில் ஃப்ரீ போதும். தூக்கிச் செல்லலாம், எண்ணெய் சிந்தாது. ஆனால் அதை இடைவிடாமல் ஓட்டினால் சூடேறி வளையம் சீக்கிரம் தேயும். தினமும் பல மணி நேரம் பாலிஷ் தூவும் அந்தக் குடும்பத்துக்கு எண்ணெய் மாடல்தான் ஏற்றது. வடிகட்டியின் விலையையும் சேர்த்துக் கடன் கேட்க வேண்டும். எண்ணெயைக் கண்ணாடியில் பார்த்து, கையேட்டில் சொன்ன நேரத்தில் மாற்ற வேண்டும். வண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றக் கூடாது. கம்ப்ரசர் எண்ணெய் தனியாகக் கிடைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. எந்த மாடலானாலும் தின்னர் கலந்த பனி மூச்சுக்குக் கெடுதல். தீப்பொறி பட்டால் பற்றும். குழந்தைகள் படுக்கும் அறையில் தூவ வேண்டாம். கம்ப்ரசரைத் தூவும் இடத்திலிருந்து தள்ளி வைத்து, நீளமான குழாய் போடுங்கள். தூவுபவர் அதற்குரிய முகமூடி போட வேண்டும். முகத்தில் துணி கட்டினால் போதாது.

மாலையில் வேலை முடிந்ததும் காற்றை இறக்கிவிட்டு, டேங்கின் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். விட்டால் உள்ளே துரு பிடிக்கும். தகடு மெலியும். ஒருநாள் டேங்கே வெடிக்கலாம். பழைய கம்ப்ரசர் வாங்குகிறவர்கள் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். அங்கே ஒட்டு வெல்டிங் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.