பழம்புத்தகச் செல்வம்

(கொல்கத்தாவில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



'பழைய புத்தகங்களைச் சேர்ப்பதிலும் விற்பதிலும் உள்ள இன்பம்' என்பது பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் பணித்தார். இதை வீட்டில் சொன்னேன். "சேர்ப்பதைப் பற்றி நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், விற்பதைப் பற்றிப் பேசினால் நம் வீட்டுக்கு வந்து போனவர் எவரும் நம்பமாட்டார்" என்றாள் என் மனைவி. அவள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. எங்கள் வீட்டில் நாற்காலிகளைவிடப் புத்தகக் கட்டுகளே மிகுதி. ஆயினும் சில நூல்களை நான் விற்றதும் உண்டு. விற்றதில் மகிழ்ந்ததும் உண்டு. ஒரு முறை வருந்தியதும் உண்டு. அவற்றை உள்ளபடியே சொல்ல முற்படுகின்றேன்.

நம் நகரில் வாழ்வோர்க்குக் கல்லூரித் தெருவை, அதாவது காலேஜ் ஸ்ட்ரீட்டை, அறிமுகம் செய்யவேண்டியதில்லை. வங்காளிகள் அதனைப் 'பொய்பாடா', புத்தகப் பேட்டை, என்று செல்லமாக அழைக்கின்றார்கள். பிரெசிடென்சிப் பல்கலைக்கழகத்தின் இரும்புக் கம்பி வேலியை ஒட்டி வரிசை வரிசையாக நிற்கும் சிறு கடைகளில் மருத்துவம், சட்டம், கணிதம், காவியம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோளோடு தோள் சேர்ந்து கிடக்கும். ஞாலத்து அறிவெல்லாம் சாதி மத பேதமின்றிச் சமமாக வாழும் இடம் அது ஒன்றே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அங்கே தமிழ் நூல் கிடைக்குமா என்று கேட்பீர்கள். தேடிப் போனால் கிடைக்காது. தேடாமல் போனால் சில வேளை கிடைக்கும். நம்மவர் ஒருவர் ஓய்வு பெற்று ஊருக்குப் புறப்படுகின்றார். அல்லது ஒரு முதியவர் காலமாகி வீடு காலியாகின்றது. அடுத்த வாரமே ஒரு கட்டுத் தமிழ் நூல்கள் நடைபாதைக்கு வந்துவிடும். கடைக்காரருக்கு எழுத்துத் தெரியாது. தமிழையும் தெலுங்கையும் ஒரே சணற்கயிற்றில் கட்டி, நூலின் கனத்தைக் கொண்டு விலை சொல்வார். நானும் முகத்தில் ஆவல் தெரியாமல், "தாதா, சற்றுக் குறையுங்கள்" என்பேன். பழம்புத்தகம் வாங்குவோனுக்கு வேண்டிய முதற் பயிற்சி முகத்தை அடக்குதல். இக்கலையில் நான் இன்னும் தேறவில்லை. என் கை ஒரு நூலைத் தடவும் விதத்தைக் கண்டே அவர் பத்து ரூபாய் ஏற்றிவிடுகின்றார்!

நூலைக் கையில் எடுத்ததும் எதைப் பார்க்கவேண்டும்? முதலில் தலைப்புப் பக்கத்தைப் பார்க்கவேண்டும். அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும், வெளியிட்டவர் பெயரும் வெளியிட்ட இடமும் நூலில் இருத்தல் வேண்டும் என்று 1867-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆங்கில ஆட்சி தன் காவலுக்காகச் செய்த ஏற்பாடு அது; இன்று நமக்கு வரலாற்றுச் சான்றாகப் பயன்படுகின்றது. அடுத்தது ஆண்டு. பழைய தமிழ் நூல்கள் பலவற்றில் ஆங்கில ஆண்டு இராது. 'விரோதி' என்றோ 'விகிர்தி' என்றோ தமிழ் ஆண்டே இருக்கும். அறுபது ஆண்டுகளுக்கு ஒரு முறை அப்பெயர் திரும்பி வருமன்றோ? விரோதி என்பது 1889-இல் தொடங்கியதாகவும் இருக்கலாம். 1949-இல் தொடங்கியதாகவும் இருக்கலாம். எழுத்தின் வார்ப்பையும், தாளின் தன்மையையும், சொற்பிரிப்பையும் கண்டு தீர்ப்புச் சொல்லவேண்டும். இதில் கிடைக்கும் இன்பம் சதுரங்கம் ஆடுவோர்க்குக் கிடைக்கும் இன்பத்திற்குச் சற்றும் குறைந்ததன்று.

மூன்றாவதாக, நூலுக்குள் மனிதர் விட்டுச் சென்ற தடங்களைப் பார்க்கவேண்டும். 'மணமகளுக்கு அன்பளிப்பு' என்ற வாசகம், டிராம் வண்டிச் சீட்டு, உலர்ந்த இலை, பக்க ஓரத்துக் குறிப்பு ஆகியவை நூலின் விலையைக் கூட்டினாலும் குறைத்தாலும், அதன் மதிப்பைக் கூட்டுபவை. நம் தாய்மார்கள் வார இதழ்களிலிருந்து தொடர்கதைகளைப் பிரித்தெடுத்துப் பைண்டு செய்து வைத்தார்களே, அவையும் அத்தகையவை. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் மணியம் அவர்களின் சித்திரங்களுடன் வந்தது. அந்தப் பைண்டு தொகுதியைப் புரட்டும்போது கதை மட்டுமா கிடைக்கின்றது? இடையிடையே அக்காலத்து விளம்பரங்களும் நகைச்சுவைத் துணுக்குகளும் சேர்ந்து, ஒரு காலமே கண்முன் வந்து நிற்கின்றது. புதிய பதிப்பில் கதை இருக்கும். அந்தக் காலம் இராது.

சேர்ப்பவர்கள் இல்லையேல் தமிழுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்கச் சிறு நூல் தமிழ் எழுத்தில் அச்சானது. இன்று அதனைக் காண அமெரிக்காவின் ஹார்வர்டுப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகவேண்டும். டாக்டர் உ.வே. சாமிநாதையர் வீடு வீடாகச் சென்று சுவடி தேடியிராவிட்டால் 1887-இல் சிந்தாமணியும் 1894-இல் புறநானூறும் அச்சில் நம் கைக்கு வந்திருக்குமா? செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் ஓவியர் பழைய நூல்களையும் இதழ்களையும் துண்டு விளம்பரங்களையும் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்தபின் சிகாகோப் பல்கலைக்கழகம் அச்சேமத்தை 1994-இல் வாங்கியது. வாங்கியதைக் கடல் கடத்தாமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைபெறச் செய்தது. துண்டு விளம்பரத்தைச் சேர்த்தவரைப் பைத்தியம் என்று உலகம் சொல்லும். ஐம்பது ஆண்டு சென்றபின் அதே உலகம் அவர் வாசலில் வரிசையில் நிற்கும்.

இவ்வளவு தொலைவு போவானேன்? நம் அலிப்பூரிலேயே, பெல்வெடேர் மாளிகைத் தோட்டத்தில் உள்ள தேசிய நூலகத்தில், பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை அவர்களின் சொந்த நூற்சேமம் இருக்கின்றது. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய அப்பெருமகன் கையாண்ட நூல்கள், நாம் பேருந்தில் போய்த் திரும்பக்கூடிய தொலைவில் இருக்கின்றன. இங்கே கூடியிருப்போரில் எத்தனை பேர் அங்குச் சென்றிருக்கின்றோம்? கை தூக்குமாறு நான் கேட்கப்போவதில்லை. நானே இந்நகருக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்துத்தான் சென்றேன்.

இனி விற்பனைக்கு வருவோம். ஒரே நூலின் இரண்டு படிகள் சேர்ந்துவிட்டால் ஒன்றை விற்றுவிடுவது என் வழக்கம். ஒரு சமயம் சித்திரங்கள் நிறைந்த பைண்டு தொகுதி ஒன்றை, நல்ல விலை கொடுத்த ஒருவருக்கு மகிழ்ச்சியோடு விற்றேன். பின்னர், அவர் படங்களை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டு விற்றுவிட்டு எஞ்சியதைக் குப்பையில் எறிந்தார் என்று அறிந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவரைக் குறை கூறிப் பயனில்லை. எதற்காக வாங்குகின்றீர் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. நூலை விற்பது பெண்ணைக் கட்டிக்கொடுப்பது போன்றது. விலையை மட்டும் பார்ப்பவன் தகப்பன் அல்லன்.

இன்னொரு நிகழ்ச்சியைச் சொல்கின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரித் தெருவில் நாற்பது ரூபாய்க்கு ஒரு கட்டு வாங்கினேன். அதில் அட்டை கழன்ற 'சமைத்துப் பார்' ஒன்று இருந்தது. எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி 1951-இல் முதன்முதல் வெளிவந்து, திருமணமாகி அயலூர் சென்ற பெண்கள் பலருக்குத் தாயாக இருந்து வழிகாட்டிய நூல் அது. என் கைக்கு வந்ததோ பிற்காலப் பதிப்பு. விலை மதிப்பு ஒன்றுமில்லை. ஆனால் பக்கந்தோறும் பென்சிலால் நுணுக்கமான குறிப்புகள். 'இவ்வூர்ப் புளிக்குப் பாதி அளவு போதும்', 'மழைக் காலத்தில் மாவு புளிக்க நேரம் குறைவு' என்றெல்லாம் எழுதியிருந்தது. முதற் பக்கத்தில் பெயரும் இருந்தது.

நம் சங்கத்தின் பழைய உறுப்பினர் ஏட்டைப் புரட்டி அக்குடும்பத்தைக் கண்டுபிடித்தேன். அம்மையார் காலமாகிவிட்டார், மகன் வேறு நகரில் பணியாற்றுகின்றார். தொலைபேசியில் அழைத்தேன். வீட்டைக் காலி செய்தபோது நூல்களையெல்லாம் 'பிக்ரிவாலா'விடம் எடைக்குப் போட்டவர் அவரேதான். "எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எது எது என்று எனக்கு எப்படித் தெரியும், ஐயா?" என்றார். அவர் குரலில் சினமும் இல்லை, சாக்குப்போக்கும் இல்லை. பிறகு, அம்மா என்ன எழுதியிருக்கிறார் என்று படிக்கச் சொன்னார். படித்தேன். மிளகு குழம்புப் பக்கத்தில், 'பிள்ளைக்குப் பிடித்தது. அவன் வரும் நாளில் காரம் குறைக்க' என்று இருந்தது. அதைப் படித்தபின் மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று எண்ணினேன்.

"என்ன விலை?" என்று இறுதியில் கேட்டார். "கட்டே நாற்பது ரூபாய், அதில் பங்கு போட எனக்குக் கணக்கு வராது. தபால் செலவு மட்டும் அனுப்புங்கள்" என்றேன். நான் செய்த வியாபாரங்களிலே மிகுந்த ஆதாயம் தந்தது அதுவே என்று இன்றும் எண்ணுகின்றேன்.

அன்பர்களே! அந்த மகனைக் குறை சொல்ல நமக்கு உரிமை உண்டா? அயலகத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு வீட்டு அலமாரியில் இருப்பது இன்னதென்று நாம் சொல்லிக் கொடுத்தோமா? நம் காலத்திற்குப் பின் அந்த அலமாரி நேரே தராசில்தான் ஏறும். ஆதலின் சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

முதலாவது: உறுப்பினர் எவரும் வீடு காலி செய்யும்போது எடைக்குப் போடுமுன் சங்கத்துக்கு ஒரு சொல் சொல்லட்டும். தமிழ் படிக்கத் தெரிந்த இருவர் ஒரு மாலைப்பொழுதில் சென்று பார்க்கட்டும். வீட்டார் வைத்துக்கொள்ளவேண்டியவை, நூலகத்துக்கு உரியவை, விற்கத்தக்கவை என மூன்றாகப் பிரிக்கட்டும். விற்ற பணம் சங்கத்தின் தமிழ் வகுப்புக்குச் சேரட்டும்.

இரண்டாவது: இருப்பதைக் காப்போம். இந்நகரின் ஈரக்காற்று நூல்களுக்குப் பகை. 2020-ஆம் ஆண்டு மே மாதம் அம்பன் புயலின்போது கல்லூரித் தெரு வெள்ளத்தில் நூல்கள் மிதந்ததை நாம் மறக்கவில்லை. நூல்களைக் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். வேப்பிலையும் வசம்பும் வைத்து, அடிக்கடி எடுத்துத் தட்டித் துடைத்தால் இராமபாணப் பூச்சி அஞ்சும். கிழிந்த தாளில் ஒட்டுநாடாவை மட்டும் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் அது பழுத்துத் தாளையும் கெடுத்துவிடும்.

மூன்றாவது: உங்கள் நூல்களின் முதற் பக்கத்தில் பெயரையும் ஆண்டையும், அந்நூல் எவ்வாறு வந்தது என்பதையும் இரண்டு வரி எழுதி வையுங்கள். தமிழிலும் எழுதுங்கள், உங்கள் பிள்ளை படிக்கக்கூடிய எழுத்திலும் எழுதுங்கள். இதில் வெட்கம் வேண்டாம். வழி தெரியாதவனுக்கு வழிகாட்டிப் பலகை அவனறிந்த மொழியில் இருப்பதே முறை.

சென்ற திங்களில் அந்த மகனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அடியில் தம் பெயரை மட்டும் தமிழில் எழுதியிருந்தார். எழுத்துகள் கோணலாகத்தான் இருந்தன. அக்கடிதத்தை நான் யாருக்கும் விற்பதாக இல்லை.