எடித், மாகிரட், முத்தம்மா: பெயர்கள் பற்றிச் சில வார்த்தைகள்
(சங்கத்தின் நூற்றாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்கள் காலத்தில் ஒரே வாங்கில் சரஸ்வதியும் மாகிரட்டும், முத்தம்மாவும் எடித்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தார்கள். சரஸ்வதி யார் என்று எல்லோருக்கும் தெரியும். எடித் என்றால் என்ன என்று கேட்டால் அந்தப் பெயருக்குரியவளே சிரித்துவிட்டுப் போய்விடுவாள். இன்று அந்தப் பெயர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

எடித் என்பது பழைய ஆங்கிலப் பெயர். செல்வம் என்ற சொல்லும் போர் என்ற சொல்லும் சேர்ந்தது. எட்வேட் என்றால் செல்வத்தைக் காப்பவன். மில்ட்றெட் என்றால் மென்மையும் வலிமையும். அக்காலத்து ஆங்கிலேயர் இரண்டு நல்ல சொற்களை எடுத்து ஒட்டிப் பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள். நாங்கள் குணரத்தினம், செல்வநாயகி என்று வைப்பது போலத்தான்.

1066ஆம் ஆண்டு நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். அதன்பின் வில்லியம், றொபேட், ஹென்றி என்ற பெயர்கள் நாடெங்கும் பரவின. பழைய பெயர்களிற் பல வழக்கொழிந்தன. எட்வேட் போன்ற சில, புனிதராகப் போற்றப்பட்ட அரசரின் பெயராக இருந்தபடியால் தப்பின. எடித், மில்ட்றெட் முதலியவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீண்டும் பெருவழக்காயின.

இங்கே ஒரு பெண்ணின் கதையைச் சொல்ல வேண்டும். ஸ்கொட்லாந்து அரசன் மூன்றாம் மல்கமுக்கும் அவன் மனைவி மாகிரட்டுக்கும் பிறந்த மகள் எடித். 1100இல் இங்கிலாந்து அரசன் முதலாம் ஹென்றியை மணந்தாள். எடித் என்பது நோர்மானியப் பிரபுக்களுக்குப் பழகாத ஆங்கிலப் பெயர். ஆகவே அவள் மற்றில்டா ஆனாள். சரித்திரத்தில் அரசி மற்றில்டா என்றுதான் அவளைத் தேட வேண்டும். எடித் என்று தேடினால் அகப்படமாட்டாள்.

அவளுடைய தாயின் பெயரான மாகிரட், கிரேக்க மொழியில் முத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1093இல் காலமான அந்த அரசி பின்னர் புனிதராக உயர்த்தப்பட்டதால் ஸ்கொட்லாந்துப் பெண்களிடையே அப்பெயர் நிலைத்தது. எங்கள் வாங்கில் இருந்த மாகிரட்டுக்கும் முத்தம்மாவுக்கும் பொருள் ஒன்றே. தந்தையான மல்கமின் பெயர், புனித கொலம்பாவின் அடியான் என்று பொருள்படும் கேலிக் தொடர். எங்கள் சிவதாசன், கிருஷ்ணதாசன் போல.

ஸ்கொட்லாந்துக் கேலிக் மொழியில் இன்னொரு புதுமை உண்டு. ஜேம்ஸ் என்பதை அவர்கள் ஷேமஸ் என்பார்கள். அவரைக் கூப்பிடும்போது முதல் எழுத்தின் ஒலி மாறி ஹேமிஷ் என்று வரும். அந்தக் கூப்பிடும் வடிவமே தனிப் பெயராகிவிட்டது. எட்டாம் வேற்றுமை, விளி வேற்றுமை என்று தமிழ் வகுப்பில் படித்தோமே, அதேதான்.

ஸ்கொட்லாந்தில் பழைய வழக்கப்படி மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயரையும், மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயரையும் வைப்பார்கள். பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதாலேயே நாங்கள் பேரன் என்கிறோம். அவர்களிடம் அம்மம்மாவின் பெயரும் தவறாமல் தொடர்ந்தது என்பதைக் கவனியுங்கள்.

குடும்பப் பெயர்களிலும் பெண்கள் ஒளிந்திருக்கிறார்கள். பக்ஸ்டர், வெப்ஸ்டர், புறூஸ்டர் என்ற பெயர்களின் கடைசி அசை முதலில் பெண்பால் விகுதியாக இருந்தது. பாண் சுடுபவள், நெசவு செய்பவள், பியர் வடிப்பவள் என்பவை அவற்றின் பழைய பொருள். பின்னர் அந்த வேறுபாடு மறைந்து ஆண்களுக்கும் அப்பெயர்கள் வழங்கின. மக் என்றால் மகன் என்பது பலருக்குத் தெரியும். மகளைக் குறிக்க நிக் என்ற சொல் கேலிக் மொழியில் இருப்பது பலருக்குத் தெரியாது.

இனி எங்கள் மண்ணுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசன் விடுதிப் பாடசாலைகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பிள்ளையின் செலவைப் பொறுப்பேற்ற அமெரிக்க அன்பர் அந்தப் பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரை வைக்கலாம். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை போன்ற அறிஞர்களின் பெயர்களில் அந்நியச் சொற்கள் முன்னிற்பது அக்கால மிசன் கல்வியின் அடையாளம். ஆண்கள் தமிழ்ப் பெயரையும் சேர்த்தே எழுதினார்கள், நூல்கள் வெளியிட்டார்கள். ஆகவே இரண்டு பெயரும் நிலைத்தன. அதே காலத்தில் அப்படிப் பெயர் பெற்ற எத்தனையோ சிறுமிகளுடைய வீட்டுப் பெயர் என்ன என்று இன்று யாரிடம் கேட்பது?

இது பழங்கதை மட்டுமல்ல. நூற்றாண்டுக்காக எங்கள் சங்கம் பழைய மாணவிகளைத் தேடுகிறது. சேர்விடாப்பில் தந்தையின் முதலெழுத்தோடு ஒரு பெயர். கலியாணத்தின் பின் கணவனின் முதலெழுத்தோடு இன்னொரு பெயர். புலம்பெயர்ந்த நாட்டில் குடும்பப் பெயர் கேட்கிறார்கள் என்று மூன்றாவது பெயர். மூன்றும் ஒருத்தியே என்று சொல்ல அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி உயிரோடிருக்க வேண்டும்.

ஸ்கொட்லாந்தில் மணமான பெண்ணின் பிறந்தவீட்டுப் பெயர் சட்டப் பத்திரங்களிலும் கல்லறைகளிலும் அழியாமல் எழுதப்பட்டது. 1855இல் அங்கு பிறப்பு, இறப்புப் பதிவு கட்டாயமானபோது, இறந்தவரின் தாயுடைய பிறந்தவீட்டுப் பெயரையும் இறப்புப் பதிவில் கேட்டார்கள். அதனால் இன்று ஒரு ஸ்கொட்லாந்துப் பெண் தன் தாய்வழியைப் பல தலைமுறை பின்னோக்கித் தேடிக் காணலாம். இங்கிலாந்தின் பழைய இறப்புப் பதிவுகளில் அந்த வசதி இல்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். சங்கத்தின் விபரப் படிவம் கைக்கு வரும்போது இப்போதைய பெயரோடு நின்றுவிடாதீர்கள். பாடசாலையில் வழங்கிய பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், அம்மாவின் பெயர் மூன்றையும் எழுதுங்கள். அம்மாவோ அம்மம்மாவோ இங்கே படித்திருந்தால் அவர்கள் படித்த ஆண்டையும் குறியுங்கள். படிவத்தில் இடம் போதாவிட்டால் பின்பக்கத்தில் எழுதுங்கள். கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ இருக்கும் உங்கள் பேத்தி ஒருநாள் இந்தப் பாடசாலைக்கு வந்து உங்களைத் தேடுவாள். அவளுக்குத் தெரிந்த பெயரிலேயே நீங்கள் அகப்பட வேண்டும்.