கப்பலில் பானப் பக்கேஜ்: எடுப்பதா, விடுவதா?

ஒஸ்லோவிலிருந்து கீல் அல்லது கோப்பன்ஹேகன் போய், அங்கிருந்து ஒரு வாரக் கப்பல் சுற்றுலா செல்லும் நம்மவர்கள் உண்டு. பதிவு செய்யும்போதே "பானப் பக்கேஜும் வேணுமா?" என்று கேட்பார்கள்.

கணக்குப் பாருங்கள். உதாரணத்துக்கு, பக்கேஜ் நாளுக்கு 600 குரோனர், ஒரு பியர் 100 குரோனர் என்று வைப்போம். ஆறு குடித்தால்தான் காசு சரி. பல கம்பனிகளில் ஒருவர் மதுப் பக்கேஜ் எடுத்தால், அதே அறையிலுள்ள மற்றப் பெரியவரும் எடுக்க வேண்டும். அப்பாவுக்கு நாளுக்கு இரண்டு பியர், அம்மாவுக்குத் தேத்தண்ணி என்றால், ஏழு நாளுக்கு 8400 குரோனர் கட்டி 1400 குரோனருக்குத்தான் குடிப்போம். தேத்தண்ணியும் தண்ணீரும் பஃபே சாப்பாட்டுக்கூடத்தில் பெரும்பாலும் இலவசம்.

கட்டிய காசு வீணாகக் கூடாதென்று பிள்ளைகள் முன்னால் ஆறாவது கிளாசைத் தூக்குவதுதான் பெரிய நட்டம். வீட்டிலேயே எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள்.