உதவி கேட்பது எப்படி?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கைபேசியில் ஏதாவது சிக்கல் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? வாட்ஸ்அப் குழுவில் "ஆப் ஓப்பன் ஆகலை, யாராவது உதவுங்க" என்று ஒரு வரி போடுகிறோம். பதில் வராவிட்டால் கும்பிடு படம் ஒன்று. அதற்கும் பதில் இல்லையென்றால், "இங்கே யாருக்கும் உதவும் மனமில்லை" என்று வருத்தப்படுகிறோம். மனம் இருக்கிறது. எதற்குப் பதில் சொல்வது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

நான் வங்கிக் கவுண்டரில் வேலை பார்த்தவன். "சார், பணம் வரலை" என்று ஒருவர் வந்து நிற்பார். எந்தப் பணம்? ஓய்வூதியமா, காஸ் மானியமா, நூறு நாள் வேலைக் கூலியா? எந்தத் தேதி? பாஸ் புத்தகம் இருக்கிறதா? இத்தனையும் கேட்ட பிறகுதான் என் வேலையே தொடங்கும். நேரில் இரண்டு நிமிடத்தில் முடிவது, குழுவில் இரண்டு நாள் இழுக்கும்.

இது புதிய தொல்லை அல்ல. 1990களின் பிற்பகுதியில் இணையத்தில் தமிழ் எழுதியவர்கள் தஸ்கி, டாப், டாம் என்று வெவ்வேறு எழுத்துக் குறியீடுகளைப் பயன்படுத்தினார்கள். "தமிழ் தெரியவில்லை" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. எந்த எழுத்துரு, எந்தக் குறியீடு என்று சொன்னால் ஒரே வரியில் பதில் வரும். 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் தட்டச்சு நிலையத்தில் வானவில் எழுத்துருவில் அடித்த மனுவைக் கைபேசியில் திறந்தால் இன்றும் புரியாத எழுத்துகள்தான் வரும். "வானவில்லில் அடித்தது" என்று இரண்டு சொல் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். மாற்றித்தர ஆள் கிடைப்பார்.

கணினி ஆர்வலர்களிடையே இதற்கென்று ஒரு மரியாதையே உண்டு. அமெரிக்கரான எரிக் ரேமண்ட் 2001இல் இதை நீண்ட கட்டுரையாக எழுதினார். நம் விழுப்புரத்திலும் குனு/லினக்ஸ் பயனர் குழு என்று தன்னார்வலர்கள் இயங்குகிறார்கள். இத்தகையவர்கள் சம்பளத்துக்குப் பதில் சொல்பவர்கள் அல்லர்; தங்கள் நேரத்தைத் தருபவர்கள். அதை வீணாக்காமல் கேட்பதுதான் மரியாதை.

ஓய்வூதியர்களுக்குத் தெரிந்த உதாரணம் சொல்கிறேன். உயிர்வாழ் சான்றை மின்னணு முறையில் தரும் ஜீவன் பிரமாண் 2014 நவம்பரில் வந்தது. முகத்தைக் காட்டிப் பதியும் வசதி 2021 நவம்பரில் வந்தது. "லைஃப் சர்ட்டிபிகேட் போகலை" என்று கேட்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்:

"உயிர்வாழ் சான்று அனுப்ப முயல்கிறேன். ஆண்ட்ராய்டு கைபேசி. ஜீவன் பிரமாண் செயலியும் ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலியும் ஏற்றியிருக்கிறேன். முகம் காட்டும் இடத்தில் நின்றுவிடுகிறது. திரையில் வரும் செய்தியை அப்படியே கீழே எழுதியிருக்கிறேன். வெளிச்சத்தில் நின்று பார்த்தேன், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், கைபேசியை அணைத்துப் போட்டேன். சரியாகவில்லை."

இதில் ஐந்து செய்திகள் இருக்கின்றன: என்ன செய்யப் பார்க்கிறேன், எந்தக் கருவி, எங்கே நிற்கிறது, திரை என்ன சொல்கிறது, இதுவரை என்ன செய்து பார்த்தேன். இந்த ஐந்தையும் எழுதி முடிப்பதற்குள் சில சமயம் விடை நமக்கே தெரிந்துவிடும்.

இன்னும் சில பழக்கங்கள். முதலில் குழுவில் பழைய பதில்களைத் தேடிப் பாருங்கள். ஒரே கேள்வியை நான்கு குழுக்களில் போட்டு நான்கு பேரை அலைக்கழிக்காதீர்கள். பதில் சொன்ன பையனை இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் கூப்பிடாதீர்கள். அவர் திருப்பிக் கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள். விடை வகைகள் எட்டு என்று சொல்லும் நன்னூல், வினாவுக்கு எதிர்வினா எழுப்புவதையும் ஒரு விடையாகவே சேர்த்திருக்கிறது. சரியாகிவிட்டால், எப்படிச் சரியானது என்று இரண்டு வரி எழுதுங்கள். அடுத்தவருக்கு அது உதவும்.

இனி முக்கியமான விஷயம். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், பணப் பரிமாற்றம் நின்றுபோனதாகச் சமூக வலைத்தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி எழுதினார். என்ன பிழை வந்தது என்று எழுதவில்லை. கைபேசி எண்ணையும் கணக்கு எண்ணையும் எழுதினார். சிறிது நேரத்தில் "வாடிக்கையாளர் சேவையிலிருந்து பேசுகிறேன்" என்று ஒருவன் பணிவாகப் பேசினான். திரையைப் பகிரும் செயலி ஒன்றை ஏற்றச் சொன்னான். மருத்துவச் செலவுக்கு வைத்திருந்த பணம் போயிற்று. சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்கும் முறையை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஆகவே, கணக்கு எண், அட்டை எண், ஆதார் எண், ஓடிபி, பின் எதையும் கேள்வியில் எழுதாதீர்கள். திரைப்படம் எடுத்து அனுப்பினால் எண்களை மறைத்துவிட்டு அனுப்புங்கள். பொதுவில் கேட்ட கேள்விக்குத் தனியே அழைத்துப் பதில் சொல்ல வருபவரைச் சந்தேகியுங்கள். மோசடி நடந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிக்கொண்டிருக்கும்.

நம் ஊர்க் குகைக்கோயில் கல்வெட்டைப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் வெட்டுவித்தது. விசித்திரசித்தன் எடுப்பித்தான், பிரமன், ஈசன், திருமாலுக்காக எடுப்பித்தான், செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இல்லாமல் எடுப்பித்தான் என்ற செய்தி சில வரிகளில் அடங்கிவிட்டது. யார், எதற்கு, எப்படி என்ற மூன்றுக்கும் அதில் விடை இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் நாம். நம் கேள்வியும் அப்படித் தெளிவாக இருக்கட்டும்.