மீண்டும் இழைப்புளி

பொழுதுபோக்கு என்னும் வரிசையில் எனக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்தது தச்சுவேலை. அதுவும் அரைகுறையாகத்தான். நான் தொழிலால் கணக்கன். 32 ஆண்டுகள் பேரேடுகளைப் புரட்டியவன். மாலையில் வீடு திரும்பியதும், கூட்டல் கழித்தலில் மரத்துப்போன மூளைக்கு மாற்றாக, மரத்தையே தேடிப் போனவன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

எனக்கு இக்கலையைக் கற்பித்தவர் எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருந்த முதியவர். ஆசாரியார் என்றே அவரை ஊரார் அழைப்பார்கள். மேசையும் இல்லை, இடுக்கியும் இல்லை. தரையில் சம்மணமிட்டு அமர்வார், மரத்துண்டைக் கால் விரல்களால் பற்றிக்கொள்வார், உளி நடக்கும். "காலும் ஒரு கைதான் தம்பி," என்பார். அவரைப் பார்த்து நானும் அப்படியே பழகினேன். முதுகை வில்லாக வளைத்து மணிக்கணக்கில் குனிந்து செய்தால்தான் தச்சுவேலை என்று என் மனத்தில் பதிந்துவிட்டது. பின்னால் வந்த துன்பத்துக்கு விதை அங்கே இருந்தது. ஆனால் பழியை அவர்மீது போட நான் ஒருப்படேன். அவர் எழுபது வயதிலும் நிமிர்ந்து நடந்தார். நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் தச்சனாக மாறியவன் நான் அல்லவா?

2021-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். எங்கள் ஊர் காரைக்குடிக்கு அருகில் உள்ளது. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில், இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் கதவு, நிலை, தூண், பாத்திரம் முதலியவற்றை விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒரு பர்மாத் தேக்குப் பலகையைக் கண்டேன். நீளம் 7 அடி, அகலம் ஒன்றேகால் அடி, கனம் 2 அங்குலம். மேலே கரியும் எண்ணெயும் படிந்து கறுத்துக் கிடந்தது. நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே பொன்னிறம். கூடத்தில் ஊஞ்சல் போட வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. பேரம் பேசி வாங்கி வண்டியில் ஏற்றி வந்துவிட்டேன்.

வண்டிக்காரர் அதைத் திண்ணையோரம் சாய்த்துவிட்டுப் போனார். "பக்கத்து வீட்டுப் பையன் வரட்டும், இரண்டு பேராகத் தூக்குங்கள்," என்றாள் என் மனைவி. நான் கேட்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் ஓர் ஆண்மகன் ஒரு பலகைக்கு ஆள் கூப்பிடுவதா? குனிந்தேன், பற்றினேன், தூக்கினேன், தூக்கியபடியே இடப்பக்கம் திரும்பினேன். இடுப்பில் ஏதோ அறுந்ததுபோல் இருந்தது. பலகை கீழே விழுந்தது. அதன் பக்கத்திலேயே நானும்.

கணக்கன் ஆகையால், படுக்கையில் கிடந்த நாட்களில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பலகையின் எடை 25 கிலோவுக்குக் குறையாது. குனிந்து தூக்கும்போது அது இடுப்பெலும்பிலிருந்து 40 சென்டிமீட்டர் முன்னால் இருந்திருக்கும். அந்தப் பாரத்தை ஈடு செய்யும் முதுகுத் தசையோ எலும்பிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. நெம்புகோலின் விதிப்படி தசை எட்டு மடங்கு இழுத்தாக வேண்டும். 25-ஐ எட்டால் பெருக்கினால் 200 கிலோ. குனிந்த என் உடம்பின் எடை இந்தக் கணக்கில் சேரவில்லை. பிறர் கணக்கில் ஒரு பைசா தவறினால் பிடிக்கும் நான் இதைத் தவறவிட்டேன்.

முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோன்ற தட்டுகள் இருக்கின்றன. வெளியே நார்ச்சுற்று, உள்ளே கூழ்போன்ற பொருள்; பூரணக் கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். நார் கிழிந்தால் பூரணம் பிதுங்கி, காலுக்குச் செல்லும் நரம்பை நெருக்கும். காலில் பாயும் வலிக்கு இது காரணமாகலாம் என்பதை 1934-இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் எழுதிக் காட்டினார்கள். எனக்கு நான்காவது, ஐந்தாவது இடுப்பெலும்புகளுக்கு நடுவே பிதுங்கியிருந்தது. இடக்கால் ஆடுசதை வரை நெருப்புக் கம்பி ஓடியது.

உறவினர் எல்லோரும், "மூன்று மாதம் அசையாமல் படு," என்றார்கள். மருத்துவர் மட்டும் நடக்கச் சொன்னார். அறுவை இப்போது வேண்டாம் என்றும், கால் வலுவிழந்தாலோ சிறுநீர் கழிப்பதில் மாறுதல் தோன்றினாலோ ஒரு கணமும் தாமதிக்காமல் வர வேண்டும் என்றும் எச்சரித்தார். நான் நம்பாமல் விழித்ததைக் கண்டு, நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வைச் சொன்னார். 1999-இல் வெளிவந்தது அது. கால்வலி கண்ட 183 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை இரண்டு வாரம் படுக்கையில் கிடக்கச் செய்தார்கள்; மற்றவரை இயன்ற அளவு நடமாடவிட்டார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தால் இரு பிரிவிலும் முன்னேற்றம் கண்டவர்கள் நூற்றுக்கு 87 பேர்! படுத்துக் கிடந்தவர்களுக்கு அதனால் தனி ஆதாயம் ஏதும் இல்லை. நான் நடக்கத் தொடங்கினேன். முதல் நாள் வாசல் வரை; ஒரு மாதத்தில் ஊருணிக்கரை வரை.

ஆறு மாதத்தில் வலி பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் பட்டறைக்குள் போகவில்லை. ஒருநாள் துணிந்து போய் இழைப்புளியைக் கையில் எடுத்தேன். இரண்டு கிலோ எடைகூட இராது. குனியப் போனேன், உடல் குனிய மறுத்தது. அது வலியன்று, நேயர்களே. அச்சம். வேர்த்துப்போய் வெளியே வந்தேன். மறுநாள் கருவிகளை எல்லாம் எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டி, ஆசாரியாரின் மகனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எனக்கு இனி வேண்டாம்," என்றேன். ஊஞ்சல் பலகையையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

அவர் சாக்கை அவிழ்த்து இழைப்புளியின் அலகை வெளிச்சத்தில் பார்த்தார். "மொண்ணை உளியை முதுகால் தள்ளியிருக்கிறீர்கள் ஐயா," என்றார். எனக்குச் சுருக்கென்றது. பிறகு, "நான்கூட இப்போது நின்றுகொண்டுதான் இழைக்கிறேன். அப்பா இருந்தால் திட்டுவார். என்ன செய்ய, எனக்கும் இடுப்பு இருக்கிறதே!" என்று சிரித்தார்.

அவர் செய்து கொடுத்த மேசை 34 அங்குல உயரம். நான் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே நிற்கிறதோ அந்த உயரம். அதன் ஓரத்தில், பட்டறைகளில் வைஸ் என்று வழங்கும் இடுக்கி. என் கால் விரல்கள் செய்த வேலையை அது செய்தது. ஒரு காலை முன்வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி, உடம்பு முழுவதையும் முன்னே சாய்த்துத் தள்ள வேண்டும். முதுகு வளையாது, தொடை உழைக்கும். ஒரு வாரம் நான் மரத்தைத் தொடவே இல்லை. அலகைக் கல்லில் 25 பாகைச் சாய்வில் தேய்த்துத் தீட்டுவது மட்டுமே வேலை. முன்னங்கை மயிர் மழியும் வரை தீட்டினேன். அந்தக் கூர்மையோடு தேக்கின் மேல் ஓட்டியபோது வெங்காயச் சருகுபோலச் சீவல் சுருண்டு விழுந்தது. இத்தனை ஆண்டும் நான் இழைத்தது இழைப்பே அல்ல, வெறும் மல்லுக்கட்டு என்பது அன்று தெரிந்தது.

கடிகாரத்தில் 20 நிமிடம் மணி வைப்பேன். மணி அடித்தால் பாதியில் இருந்தாலும் நிறுத்திவிட்டுத் தெருமுனை வரை நடப்பேன். இது எளிதன்று, வேலை சூடேறும் வேளையில்தான் மணி அடிக்கும். நீளவாக்கில் அறுக்கும் வேலையை மரவாடிக்கே கொடுத்துவிடுகிறேன். முதலில் ஒரு மணைப்பலகை, பிறகு ஒரு புத்தகத் தாங்கி. தாங்கியின் கால் சற்று ஆடுகிறது. என் மனைவி அதற்கடியில் ஒரு அட்டைத்துண்டைச் செருகி வைத்திருக்கிறாள்.

2023 தை மாதத்தில் அந்தப் பலகையை மேசைமேல் ஏற்றினோம். நான் ஒரு முனை, பக்கத்து வீட்டுப் பையன் மறுமுனை. இழைத்து முடிக்க, நாளுக்கு இரண்டு மணியோசையாக, ஏழு வாரம் ஆயிற்று. நான்கு மூலையிலும் துளையிட்டு, எண்ணெய் பூசி, விட்டத்துக் கொக்கிகளில் இரும்புச் சங்கிலி மாட்டினோம். முதலில் உட்கார வேண்டியவள் என் மனைவி. அவள் சங்கிலியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், கொக்கியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"முதலில் அந்தப் பையனை உட்காரச் சொல்லுங்கள்," என்றாள்.