தோற்ற பிள்ளைக்கும் பரிசா?



விளையாட்டில் தோற்ற பிள்ளைக்கும் பரிசு கொடுத்தால் சோம்பேறித்தனம் வளரும் என்று சிலர் கூச்சலிடுகிறார்கள். உழைக்காதவனுக்கு மரியாதை கூடாது என்கிறார்கள். மிகவும் சரி. ஆனால் ஒரு நாளும் ஓடாமல், ஆடாமல், பிறந்த ஒரே காரணத்திற்காகக் கோயிலில் பரிவட்டம் கட்டிக்கொண்டு முதல் மரியாதை வாங்குகிறவனிடம் இவர்கள் இதைச் சொன்னதுண்டா என்று கேட்கிறோம்.

அது கிடக்கட்டும். நார்வே தேசத்துச் சங்கதியைக் கேளுங்கள். அங்கே சிறுவர் விளையாட்டுக்கென்று 1987-ல் விதிகள் செய்து, 2007-ல் பிள்ளைகளின் உரிமைகள் என்றே ஏற்படுத்தினார்கள். அதன்படி, 11 வயதாகும் ஆண்டு வரும் வரை முதல், இரண்டாம் என்று பட்டியல் போடக்கூடாது. சிறு பிள்ளைகளின் பந்தயத்தில் பரிசு கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். இதனால் அவர்கள் சோம்பேறிகளாய்ப் போனார்களா? சுமார் 55 லட்சம் ஜனங்களே உள்ள அத்தேசம், குளிர்கால ஒலிம்பிக்கில் 2018-ல் 39 பதக்கங்களும், 2022-ல் 37 பதக்கங்களும் பெற்று இரு முறையும் முதலாவதாக நின்றது. விதியால் மாத்திரம் ஜெயித்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. பனியும் பணமும் அங்கு உண்டு. ஆனால் விதி அவர்களைக் கெடுத்துவிடவில்லை என்பது நிச்சயம்.

காரணம் என்ன? கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்து 1985-ல் வெளியிட்டார்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம். ஜோசியன் உடனே கிரக பலன் என்பான்! கிரகமுமில்லை, ராசியுமில்லை. அங்கே வயதுக் கணக்கு ஜனவரி 1-ல் ஆரம்பமாகிறது. ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிடச் சுமார் 11 மாதம் மூத்தவன். எட்டு வயதில் அது சிறு வித்தியாசமா? மூத்தவனைக் கெட்டிக்காரன் என்று பொறுக்கியெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள்; இளையவனை ஒதுக்கினார்கள்; பிறகு அதைப் பிறவித் திறமை என்றார்கள். ஒரு கூட்டத்துக்கு மட்டும் படிப்பைக் கொடுத்துவிட்டு, மற்றவனுக்குப் பிறவியிலேயே மூளையில்லை என்று சொன்ன புரட்டும் இதுவேயல்லவா?

வளர்ந்தவர்களுக்கும் ஜெயிப்பு தோல்வி வேண்டாம் என்பது நம் அபிப்பிராயமல்ல. பதினாறு வயதில் ஓடி ஜெயித்தவன் ஜெயித்தவனே. அப்போது தோற்றவனை ஜெயித்தாய் என்று ஏமாற்றுவது அவன் சுயமரியாதைக்கே கேடு.

ஆகவே, ஊரில் பந்தயம் நடத்தும் வாலிபத் தோழர்களே! சிறு பிள்ளைகளில் ஆண், பெண், எந்தத் தெரு என்று பாராமல் எல்லோரையும் மைதானத்தில் இறக்குங்கள். ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். வெள்ளிக் கோப்பைக்குப் போகும் பணத்தில் நாலு பந்து வாங்குங்கள். யார் கெட்டிக்காரர் என்பதை, எல்லோரும் ஆடி வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்வோம்.